மூன்று பூட்டுகள்

மார்ஷ்விக் தேவாலயத்தில் ஒரு பெட்டி இருக்கிறது.
ஒற்றை ஓக் மரத்தைக் குடைந்தது. மூன்று பூட்டு.
பாதிரியாருக்கு ஒரு சாவி,
வார்டன்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று.
ஒருவரையொருவர் நம்பாததை
இரும்பில் அடித்து மாட்டியிருந்தார்கள்
எங்கள் ஊரார்.

மூன்றாவது சாவி எப்போது தொலைந்ததென்று
யாருக்கும் தெரியாது.
போன மார்ச்சில் டெனிஸ் குரோக்கர்
தேநீர் ஆறுவதற்குள் திறந்துவிட்டான்.
கீல் ஒன்று ஏற்கெனவே இற்றுப்போயிருந்தது.
இவ்வளவு காலமும்
பின்பக்கமாகத் தூக்கியிருந்தாலே போதும்.

பொன் இல்லை. வெள்ளிக் கிண்ணம் இல்லை.
எலி கொறித்த கணக்குப் புத்தகம் ஒன்று,
ஈரத்தில் வீங்கி
அடுப்பில் மறந்துபோன ரொட்டிபோல்.

கோடைத் திருவிழாவுக்குக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம்
என்றது குழு.
எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

இடப்பக்கம் எல்லாருக்கும் பிடித்திருந்தது.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று நான்கு:
முள்ளெலி நான்கு கொன்றதற்கு, தலைக்கு நான்கு பென்ஸ்.
சிட்டுக்குருவித் தலை மூன்று டஜன், ஆறு பென்ஸ்.
மணியடித்தவர்களுக்கு பியர்.
மணிக்கயிற்றுக்கு மீண்டும் பியர்
(கயிறு குடிக்காது என்று ஓரத்தில் வேறொரு கை எழுதியிருக்கிறது).
சிரித்தோம். இதுவே போதும் என்றோம்.

தாளைத் திருப்பினால்:
கெசையா பிளம், நிறைமாதம்,
கணவன் இல்லை, ஊர் உரிமை இல்லை.
அவளை ஓடை தாண்டி டன்ஸ்டோ எல்லையில் விட
வண்டிக்கூலி ஆறு ஷில்லிங்.
வண்டிக்காரனுக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி.
அவளுக்கு என்று எதுவும் எழுதவில்லை.
கையெழுத்து: ஒபதையா டென்ச், வார்டன்.

பிறக்கும் மண்ணே பிள்ளைக்குச் சோறு போட வேண்டும்,
அன்றைய சட்டம் அது.
ஆகையால்தான் அந்த அவசரம்.
முள்ளெலி நான்கின் விலையைவிட
நாலரை மடங்கு கொடுத்து
ஒரு பிரசவத்தை அடுத்த ஊருக்கு ஓட்டினார்கள்.

அடுத்த வரி வேறு மையில்:
வண்டிச் சக்கரம் சீர்செய்ய, ஒரு ஷில்லிங்.

அதற்கும் அடுத்தது:
மருத்துவச்சிக்கு.

ஓடைக்கு இந்தப் பக்கம்
சக்கரம் உடைந்திருக்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு மிக்கேல்மஸுக்கும் ஒரு வரி:
பிளம் பையனுக்குச் செருப்பு.
பிளம் பையனுக்குச் செருப்பு, சட்டை.
பிளம் பையனுக்குச் செருப்பு, விலை ஏறிவிட்டது.
அம்மாவைப் பற்றிப் பேச்சே இல்லை.
பையனின் பெயரும் இல்லை.
ஏழு ஜோடி எண்ணினேன்.
எட்டாவது வருடத்தின் தாள்கள்
ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.
பிரித்தால் கிழியும் என்றான் டெனிஸ்.
பிரிக்கவில்லை.

திருவிழாவன்று மழை.
வந்தவர்கள் முப்பத்தொரு பேர்,
பாதிப்பேர் எலுமிச்சை கேக்குக்காக.
பேழையில் முள்ளெலிப் பக்கத்தைக் காணோம்.
யாரோ இரவில் தாளைத் திருப்பியிருந்தார்கள்.
பேழையின் சாவி ஒன்றே ஒன்று,
அது ரொவீனா டென்ச்சிடம்.
அவள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்,
எல்லாத் துண்டும் ஒரே அளவாக,
யார் முகத்தையும் பாராமல்.
குழுத்தலைவர் கண்ணாடிவரை போனார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
திரும்பி வந்து
இரண்டாம் துண்டு கேட்டார்.

மாலையில் நானும் டெனிஸும் இடத்தைத் தேடிப் போனோம்.
ஓடை இப்போது சிமென்ட் குழாய்.
மேலே பேருந்து நிழற்குடை.
வியாழக்கிழமை மட்டும் பதினான்காம் எண் வரும்,
டன்ஸ்டோவுக்குப் பதினோரு நிமிடம்.

குழாயின் எந்தப் பக்கம், என்றான் டெனிஸ்.
இருவருமே குனிந்து பார்த்தோம்.
தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது,
எந்தத் திசைக்கென்று
சொல்ல முடியவில்லை.